அண்ணன் ராய்

டிஸ்னி என்றதும் எல்லோருக்கும் வால்ட்தான் நினைவுக்கு வருவார். எனக்கு அவருடைய அண்ணன் ராய். 1923 அக்டோபரில் இருவரும் சேர்ந்துதான் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தம்பி கனவு கண்டார், அண்ணன் பணம் புரட்டினார். 1928-இல் அவர்களுடைய கார்ட்டூன் பாத்திரமான ஆஸ்வால்ட் முயல் கைவிட்டுப் போனது. அதே ஆண்டு நவம்பரில் மிக்கி திரைக்கு வந்தது. 1955-இல் டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்கா.

அதெல்லாம் சரி, என்னை உருக்குவது அப்புறம் நடந்தது. 1966 டிசம்பரில் வால்ட் இறந்தார். ஓய்வு பெற இருந்த ராய் அதைத் தள்ளிப்போட்டு, ஃபுளோரிடா பூங்காவைக் கட்டி முடித்தார். வெறும் ‘டிஸ்னி வேர்ல்ட்’ போதாது என்று தம்பியின் பெயரையும் சேர்த்து ‘வால்ட் டிஸ்னி வேர்ல்ட்’ ஆக்கினார். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி திறப்பு. டிசம்பர் 20-ஆம் தேதி, 78 வயதில், அவரும் போய்விட்டார்.

அந்தப் பூங்காவில் ராய்க்கு ஒரு வெண்கலச் சிலை உண்டு. ஒரு பெஞ்சில், மிக்கியின் ஜோடியான மின்னிக்குப் பக்கத்தில், கோட்டும் டையுமாக உட்கார்ந்திருக்கிறார்.