ஒரே காற்றுக்கு இரண்டு எண்கள்

குருநகரில் கடற்றொழில் செய்யும் மாமா, வானிலை அறிவிப்பில் காற்று மணிக்கு 50 கிலோமீற்றர் என்றிருக்க, தமது கைப்பேசிச் செயலி 27 என்று காட்டுவது ஏன் என நேற்றுக் கேட்டார். செயலி காட்டியது நொட் அளவு. ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீற்றர் என்பதால், இரண்டும் ஒரே காற்றுத்தான். மனக்கணக்காக, நொட்டை இரட்டித்துப் பத்தில் ஒன்றைக் கழிப்பார்கள். 27 அப்போது 48.6 ஆகும். ஆனால் இவ்வழி வேகத்தைச் சற்றுக் குறைத்தே சொல்வதால், கடலுக்குப் போகிறவர் கழிக்காமல் இரட்டிப்பதோடு நிறுத்துவதே நல்லது என்பது என் எண்ணம். செக்கனுக்கு மீற்றர் என்றிருந்தால், ஒரு மணித்தியாலத்தில் 3,600 செக்கன்கள் இருப்பதால், 3.6 ஆல் பெருக்கவேண்டும். மாமாவோ செயலியையே கிலோமீற்றருக்கு மாற்றித் தரச் சொல்லிவிட்டார்.