ஹாம்பர்க்: வணிகர் நகரில் பார்த்தவையும் வாங்கியவையும்

ஜெர்மனியில் பெர்லினுக்கு அடுத்த பெரிய நகரம் ஹாம்பர்க். பெர்லினுக்கோ மியூனிக்குக்கோ செல்கிறவர்கள் முதலில் அரண்மனைகளைத் தேடிப் போவார்கள். ஹாம்பர்க்கில் அவ்வாறு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். நெடுங்காலம் தன்னைத் தானே ஆண்டுகொண்ட வணிகர்களின் ஊர் இது. இன்றும் ஜெர்மனிக்குள் தனி மாநிலமாகவே இருக்கிறது. ஆகவே இங்கே பெருமைக்குரியவையாகக் கட்டப்பட்டவற்றில் பெரும்பாலானவை கிடங்குகளும் வணிக அலுவலகங்களும் துறைமுகமும்தாம். ஊர் சுற்றுவதையும் பொருள் வாங்குவதையும் இரண்டு தனித்தனி வேலைகளாக வைத்துக்கொள்ளத் தேவையில்லாத ஊர் இது என்பது என் எண்ணம்.

ஆயினும் கிழமையைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் அடைத்திருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதற்கு அந்நாட்டு அரசியலமைப்பிலேயே பாதுகாப்பு உண்டு. ஹாம்பர்க்கில் ஆண்டுக்கு நான்கு ஞாயிறுகள் வரையே கடை திறக்க விலக்கு அளிக்கப்படுகிறது. ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், அடுமனைகள், உணவகங்கள் போன்றவை திறந்திருக்கும் என்பதால் பட்டினி கிடக்க நேராது. ஆனால் சட்டையோ காலணியோ வாங்க முடியாது. வார இறுதியில் போகிறவர்கள் சனிக்கிழமையைக் கடைத்தெருவுக்கும் ஞாயிறைத் துறைமுகத்துக்கும் ஒதுக்குவது நல்லது. நானும் அப்படித்தான் செய்தேன்.

தலைமை ரயில் நிலையத்திலிருந்து நகர மன்றம் வரை நீளும் மோன்கெபெர்க் தெருவே பெரிய கடைகளின் தெரு. உண்மையைச் சொன்னால், அங்கிருக்கும் துணிக்கடைகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் எந்த நகரத்திலும் காணக்கூடியவை. அவற்றுக்காக நேரம் செலவிட வேண்டியதில்லை. தெரு முடியும் இடத்தில் நிற்கும் நகர மன்றம்தான் கண்ணை நிறுத்துகிறது. 1897இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தக் கட்டடத்தில் 647 அறைகள் இருக்கின்றன; கோபுரத்தின் உயரம் 112 மீட்டர். முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாமல் உள்முற்றத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே ஆரோக்கியத்தின் தேவதையான ஹைஜியாவின் சிலையைத் தாங்கிய நீரூற்று ஒன்று இருக்கிறது. 1892இல் இந்நகரில் காலரா பரவி எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலேயே குடிநீராக வழங்கியது அதற்கு முக்கியக் காரணம். கணக்கில் கெட்டிக்காரர்களான வணிகர்கள் தண்ணீரில் சிக்கனம் பிடித்ததன் விளைவை, தங்கள் மன்றத்தின் நடுவிலேயே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

நகர மன்றத்துக்கு அருகில், சிறிய ஆல்ஸ்டர் என்னும் நீர்நிலையின் கரையில் வெண்ணிற வளைவுகளோடு ஒரு நடைக்கூடம் இருக்கிறது. 1842இல் ஏற்பட்ட பெருந்தீ நகரின் மையத்தை அழித்த பிறகு, வெனிஸ் நகரின் சாயலில் எழுப்பப்பட்டது அது. அங்கே கடைகளின் விலை எட்டாத உயரத்தில் இருந்தாலும், வளைவுகளின் கீழ் நின்று அன்னங்களைப் பார்ப்பதற்குக் காசு தேவையில்லை. அந்த அன்னங்களைப் பராமரிப்பதற்கென்றே 1674 முதல் நகரத்தில் ஒரு பதவி இருக்கிறது. குளிர்காலம் வந்தால் அவற்றைப் படகில் ஏற்றி, உறையாத குளம் ஒன்றுக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

பரிசுப் பொருள்களுக்கு என் விருப்பம் மருந்தகப் பாணியிலான அழகுப் பொருள் கடைகள்தாம். நம் வீடுகளில் பலருக்கும் பழக்கமான நீல டப்பா நிவியா பிறந்த ஊர் ஹாம்பர்க். 1911இல் வெளிவந்த அந்தக் களிம்பு இங்கே எந்தக் கடையிலும் மலிவாகவே கிடைக்கிறது. சோப்பு, கைக்களிம்பு, மூலிகைத் தேநீர் ஆகியவற்றை டிஎம், ரோஸ்மன், உள்ளூர்க் கடையான புட்னி போன்றவற்றில் வாங்கலாம். விலைச் சீட்டில் எழுதியிருப்பதே இறுதி விலை. வரி அதற்குள் அடக்கம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். பெரிய டப்பா உண்மையிலேயே லாபமா என்று அங்கேயே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். பில் போடுமிடத்தில்தான் சற்றுச் சுறுசுறுப்பு வேண்டும். காசாளர் பொருள்களைத் தள்ளிவிடும் வேகத்தில் நாம் பைக்குள் போட்டுக்கொண்டே பணமும் கொடுக்க வேண்டும். பையை நாமே கொண்டுபோவது சிக்கனம். சிறிய கடைகளிலும் சந்தைகளிலும் அட்டையை ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆகையால் கையில் கொஞ்சம் யூரோ நோட்டுகள் இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டில் வாங்கும்போது விலையோடு 25 சென்ட் கூடுதலாக வாங்குவார்கள். அது பாட்டிலுக்கான வைப்புத்தொகை. காலி பாட்டிலை நசுக்காமல், மேலே ஒட்டிய தாளைக் கிழிக்காமல், பேரங்காடியின் வாசலில் இருக்கும் எந்திரத்தின் வட்டத் துளைக்குள் வைத்தால், அது பாட்டிலைச் சுழற்றிப் பட்டைக் குறியைப் படித்து உள்ளே இழுத்துக்கொண்டு, தொகை அச்சிட்ட ஒரு சீட்டைத் தருகிறது. அதைப் பில் போடுமிடத்தில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இது கட்டணமில்லாத வேடிக்கை.

இந்த ஊரின் சாரம் என்று நான் கருதுவது ஸ்பைஷர்ஷ்டாட் என்னும் கிடங்கு நகரம். 1888இல் ஹாம்பர்க் ஜெர்மானியச் சுங்கப் பகுதியோடு இணைந்தபோது, வரி செலுத்தாமல் சரக்கைச் சேமித்து வைக்க ஒரு தனி இடம் வேண்டும் என்று வணிகர்கள் வாதாடிப் பெற்றதே இது. அதற்காக அங்கே குடியிருந்த ஏறத்தாழ 20,000 பேரை வெளியேற்றி, மரத்தூண்களை மண்ணில் இறக்கி, அவற்றின் மேல் செங்கல் கிடங்குகளை வரிசையாக எழுப்பினார்கள். ஒவ்வொரு கிடங்குக்கும் ஒரு பக்கம் தெரு, மறுபக்கம் கால்வாய். கூரையின் முகட்டில் செம்பு போர்த்திய சிறு கூடு ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. உள்ளே சரக்கைத் தூக்கும் கப்பி. படகில் வந்த மூட்டை அதன் கயிற்றில் தொங்கிக்கொண்டே நேராக நான்காம் மாடிக் கதவுக்குப் போய்விடும், படிக்கட்டே தேவையில்லை. காப்பி, கொக்கோ, தேயிலை, மிளகு, ஏலம் என்று வெப்ப நாடுகளின் விளைச்சல் இந்தக் கதவுகள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. 2015இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இன்று பெரும்பாலான தளங்கள் அலுவலகங்களாகவும் அருங்காட்சியகங்களாகவும் மாறிவிட்டன. ஆனாலும் கீழ்த்தளங்களில் கீழை நாட்டுக் கம்பளங்களை அடுக்கி வைத்திருக்கும் வணிகர்கள் சிலர் எஞ்சியிருக்கிறார்கள். அங்கிருக்கும் மசாலா அருங்காட்சியகத்தில் பட்டை, ஜாதிக்காய், ஏலக்காய் போன்றவற்றைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்க அனுமதிக்கிறார்கள். ஐரோப்பியப் பயணிகள் ஏலக்காயை மூக்கருகே வைத்து வியந்துகொண்டிருக்க, நமக்கு அது அஞ்சறைப் பெட்டியைத் திறந்தது போலத்தான் இருக்கிறது. அருகிலேயே, 2001 முதல் இயங்கிவரும் மினியேச்சர் வுண்டர்லாண்ட் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய மாதிரி ரயில் அமைப்பு அது. அதிலுள்ள சிறு விமான நிலையத்தில் கையளவு விமானங்கள் ஓடுபாதையில் விரைந்து மேலெழுகின்றன. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறை முழுவதும் இருண்டு, ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. முன்பதிவு செய்யாமல் போனால் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கிடங்கு நகரத்திலிருந்து நடந்து போகும் தொலைவில் சிலிஹவுஸ் என்னும் அலுவலகக் கட்டடம் நிற்கிறது. சிலி நாட்டு வெடியுப்பு வணிகத்தில் செல்வம் சேர்த்த ஒருவருக்காகக் கட்டடக் கலைஞர் ஃபிரிட்ஸ் ஹோகர் 1922க்கும் 1924க்கும் இடையில் கட்டியது. அதன் கிழக்கு முனைக்கு எதிரே தெருவைக் கடந்து நின்று பார்த்தால்தான், கப்பலின் முகப்பு போல அது கூர்மையாக முன்னே நீள்வது புலப்படும். மற்றொரு திசையில் புனித நிக்கோலாய் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் கறுத்துப்போய் நிற்கிறது. 147 மீட்டர் உயரமுள்ள அது 1874 முதல் 1876 வரை உலகின் மிக உயர்ந்த கட்டடமாக இருந்தது. 1943 ஜூலையில் நேச நாடுகளின் குண்டுவீச்சில் தேவாலயம் சிதைந்து போயிற்று. அதைத் திரும்பக் கட்டாமல் நினைவிடமாக விட்டிருக்கிறார்கள். கண்ணாடி மின்தூக்கி 76 மீட்டர் உயரம் வரை கொண்டுபோகிறது.

எல்ப்ஃபில்ஹார்மோனி இசையரங்கைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். கொக்கோவும் தேயிலையும் அடுக்கியிருந்த பழைய கிடங்கொன்றின் தலைமேல் கண்ணாடி அலைகளை ஏற்றி வைத்தது போன்ற கட்டடம். நகரத்தின் பங்காக முதலில் சொல்லப்பட்ட 77 மில்லியன் யூரோ, 2017 ஜனவரியில் திறக்கப்படுவதற்குள் 789 மில்லியனாக வளர்ந்துவிட்டது. வளைந்து செல்லும் 82 மீட்டர் நீள மின்படியில் ஏறி, 37 மீட்டர் உயரத்திலுள்ள திறந்த மாடத்தைச் சுற்றி வந்தபோது, காற்று சட்டையைப் பறித்துக்கொண்டு போகும் போலிருந்தது. கச்சேரிக்குச் சீட்டு கிடைக்காவிட்டாலும் இந்த மாடத்தைத் தவறவிட வேண்டாம்.

ஞாயிறு கடையடைப்புக்கு ஹாம்பர்க் வைத்திருக்கும் பதில் மீன் சந்தை. 1703 முதல் நடந்துவரும் இந்தச் சந்தை கோடையில் அதிகாலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் தொடங்கி, 9.30 மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. தேவாலய வழிபாட்டுக்கு இடையூறு வரக்கூடாது என்பதற்காக அன்று வகுத்த ஏற்பாடு இது. வண்டியின் மேல் ஏறி நின்ற ஒருவர், புகையூட்டிய விலாங்கு மீனை ஒரு கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு விலையைக் கூவினார். கூட்டம் அசையவில்லை என்றதும் பைக்குள் இன்னொரு மீனைப் போட்டார். பிறகு ஒரு சால்மன் துண்டைச் சேர்த்தார். அதற்கும் அசையாதவர்களை ஏதோ சொல்லிக் கேலி செய்தார், கூட்டம் சிரித்தது. விலை மட்டும் மாறவில்லை. பக்கத்து வண்டியில் வாழைப்பழமும் அன்னாசியும் நிறைந்த கூடைகளை இதே பாணியில் விற்றுக்கொண்டிருந்தார்கள். சந்தை முடியும் நேரத்தில் போனால் விலை குறையும். பழைய ஏலக் கூடத்துக்குள்ளே, இரவெல்லாம் விழித்திருந்த இளைஞர்கள் இசைக்குழுவின் முன் ஆடிக்கொண்டிருக்க, பெரியவர்கள் காலை உணவு உண்கிறார்கள். சைவ உணவுக்காரர்கள் லவங்கப்பட்டையும் வெண்ணெயும் வைத்துச் சுருட்டிய ஃபிரான்ஸ்புரோய்ட்ஷன் என்னும் இவ்வூர் ரொட்டியை எந்த அடுமனையிலும் வாங்கிக்கொள்ளலாம்.

அங்கிருந்து கரையோரமாக நடந்தால் லாண்டுங்ஸ்புரூக்கன் படகுத்துறை வருகிறது. துறைமுகச் சுற்றுலாப் படகுகளுக்குக் கூவி அழைப்பார்கள். நான் பரிந்துரைப்பது 62ஆம் எண் படகு. நகரப் பேருந்துக்கும் ரயிலுக்கும் வாங்கிய அதே பயணச் சீட்டில் இதில் ஏறி, சரக்குக் கப்பல்களைப் பார்த்தபடி ஃபின்கன்வெர்டர் வரை போய் வரலாம். வழியில் ஓவல்கோன்னெயில் இறங்கினால் ஆற்றங்கரை மணலில் நடக்கலாம். படகுத்துறையை ஒட்டியே 1911இல் திறக்கப்பட்ட எல்பே சுரங்கப்பாதையின் வாயில் இருக்கிறது. ஆற்றுக்கடியில் 24 மீட்டர் ஆழத்தில் 426 மீட்டர் தூரம் நடக்கலாம். சுவரில் மீன், நண்டு முதலிய உருவங்களைப் பீங்கானில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள். நடந்து செல்கிறவர்களுக்குக் கட்டணமில்லை. மறுகரையில் ஏறி நின்றால் நகரத்தின் முழு முகப்பும் ஒரே பார்வையில் கிடைக்கிறது.

பெருங்கடைகளைவிடச் சந்தைகளை விரும்புகிறவர்களுக்கு இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் ஈஸே சந்தை உயர்பாலத்து ரயில் பாதையின் கீழேயே நீளமாகக் கூடுகிறது. மழை பெய்தாலும் நனையாமல் பாலாடைக்கட்டியும் தேனும் பழமும் வாங்கலாம். சனிக்கிழமைகளில் பழைய மாட்டுச் சந்தைக் கட்டடத்தருகே பழம்பொருள் சந்தை. பழைய கரண்டி, கேமரா, இசைத்தட்டு ஆகியவற்றுக்குப் பேரம் பேசலாம். கடைகளில் பேரம் எடுபடாது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கிறவர்கள் ஒரே பில்லில் 50 யூரோவுக்கு மேல் வாங்கினால், மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெற முடியும். பொது வரி 19 விழுக்காடு. அது விலைக்குள் அடங்கியிருப்பதால் 100 யூரோ பொருளில் வரியின் பங்கு ஏறத்தாழ 16 யூரோ. கடையில் கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் கேட்டு வாங்க வேண்டும். பொருளைப் பயன்படுத்தாமல் வைத்திருந்து, விமான நிலையத்தில் சுங்க அலுவலரிடம் பொருளையும் படிவத்தையும் காட்டி முத்திரை பெற வேண்டும். பொருள் பெரிய பெட்டிக்குள் இருந்தால், பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்து அனுப்புவதற்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். இடைத்தரகு நிறுவனங்கள் தம் கட்டணத்தைப் பிடித்துக்கொள்வதால் முழுத் தொகையும் கைக்கு வராது. நான் வாங்கியவற்றில் இந்த வரம்பைத் தாண்டியது ஒரு மழைச்சட்டை மட்டுமே. ஹாம்பர்க்கின் வானத்துக்கு அதை முதல் நாளே போட்டுக்கொள்ள வேண்டியிருந்ததால், அந்தப் படிவத்தைக் கேட்கவே இல்லை.