பெர்கேயிலிருந்து திரும்பிப்போனவன்: லெந்து நாட்களின் குறிப்புகள்

மார்ச் 5, 2025, சாம்பல் புதன்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான இந்த லெந்து நாட்களிலும் வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஜெபக்கூட்டம் உண்டு. தேவசெய்தி கொடுக்கும் பொறுப்பை இந்த வருஷம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பேதுரு, யூதாஸ், பிலாத்து, வலதுபக்கத்துக் கள்ளன் என்று எல்லாரையும் பற்றி இந்தத் தெரு நிறையக் கேட்டுவிட்டது. நான் மாற்குவை எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். இரண்டாம் சுவிசேஷத்தின் மேலே இருக்கும் பெயர் என்பதற்கு மேல் அவனைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை.

நல்ல வீட்டுப் பிள்ளை. எருசலேமில் அவனுடைய தாய் மரியாளின் வீட்டில்தான் சபை கூடி ஜெபித்தது. சிறையிலிருந்து விடுதலையான பேதுரு இரவில் வந்து தட்டியது அந்த வீட்டுக் கதவைத்தான். பர்னபா அவனுக்கு இனத்தான். பவுலும் பர்னபாவும் முதல் ஊழியப் பயணம் புறப்பட்டபோது அவனையும் உதவிக்கு அழைத்துப் போனார்கள். சீப்புரு தீவை சலாமி முதல் பாப்போ வரை கடந்தார்கள். அங்கிருந்து கப்பலேறிப் பம்பிலியா நாட்டுப் பெர்கேயில் இறங்கினார்கள். அங்கே அவன் அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குத் திரும்பிப்போனான்.

ஏன் போனான் என்று அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வார்த்தை இல்லை. வீட்டு நினைப்பா, காய்ச்சலா, எதிரே நின்ற டாரஸ் மலைகளைப் பார்த்த பயமா? பிரசங்கிமார் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். வேதம் சொல்லாமல் விட்டதை நானும் விட்டுவிடுகிறேன். பாதியில் போய்விட்டான். அதிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

மார்ச் 8, சனி

நேற்று முதல் கூட்டம். பேசி முடித்தபிறகு எதிர்வீட்டு அக்கா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் காபி குடித்துக் கலைந்தபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவனுக்காகத்தான் இதப் பேசுனீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

அவனுக்காக என்று நினைத்துத் தொடங்கவில்லை. ஆனால் பேசும்போது அவன் முகம் மனதில் வந்தது உண்மை. ஞாயிறு பள்ளியில் என் வகுப்புப் பையன். பாடகர் குழுவில் பேஸ் என்கிற கீழ்க்குரல் பாடினவன். சில வருஷங்களுக்கு முன்பு கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் வீடு வீடாகக் கிடைத்த காணிக்கை அவன் கையில் இருந்தது. புது வருஷ ஆராதனைக்கு அவனும் இல்லை, பணமும் இல்லை. திருப்பூரில் இருக்கிறான் என்றார்கள், குடி என்றார்கள். இப்போது சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறான். வாசலுக்குக்கூட வருவதில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று பேசியது பவுலுக்கும் பர்னபாவுக்கும் வந்த சண்டையைப் பற்றி. இரண்டாவது பயணத்துக்கு மாற்குவையும் கூட்டிப்போகலாம் என்கிறார் பர்னபா. கூடாது என்கிறார் பவுல். "கடுங்கோபமூண்டபடியினால்" ஒருவரையொருவர் விட்டுப் பிரிந்தார்கள் என்று வேதம் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பவுல் சீலாவோடு வேறு வழியில் போனார்.

கூட்டத்தில் பாதிப்பேர் பவுலைக் குறைசொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பவுல் முதல் பயணத்தில் லீஸ்திராவில் கல்லெறிபட்டு, செத்தார் என்று ஊருக்கு வெளியே இழுத்துப் போடப்பட்டவர். அப்படிப்பட்ட பாதையில் துணைக்கு வருகிறவன் நடுவில் போய்விட்டால் மற்றவர்களின் உயிருக்கே ஆபத்து. பவுல் கேட்டது நியாயம். ஆனால் நியாயமாக இருப்பது மட்டும் அந்தப் பையனை எழுப்பி நிறுத்தியிருக்காது என்றும் நினைக்கிறேன்.

பர்னபாவின் நிலை எவ்வளவு கடினமானது என்று யாரும் பேசவே இல்லை. பவுல் இன்னும் சவுலாக இருந்து, எருசலேம் சபை அவரைக் கண்டு பயந்து ஒதுங்கிய நாளில், அவரைக் கூட்டிக்கொண்டுபோய் அப்போஸ்தலர் முன் நிறுத்தியவர் இதே பர்னபா. பிறகு தர்சு பட்டணம்வரை தேடிப்போய் அந்தியோகியாவுக்கு அழைத்து வந்தவரும் அவர்தான். இன்று மாற்குவுக்காக வாதாடும் அதே மனதினால் ஒருகாலத்தில் உள்ளே வந்தவர் பவுல். பர்னபா அதைச் சொல்லிக்காட்டியதாக வசனம் இல்லை. இந்தப் பிரிவுக்குப்பின் நடபடிகள் புத்தகம் பவுலோடேயே போய்விடுகிறது. பர்னபாவின் பெயர் அதில் மறுபடி வருவதே இல்லை. ஒரு பையனுக்காக அவர் அந்தப் பெரிய கதையைவிட்டு வெளியே போகச் சம்மதித்தார். தேவனுடைய கிருபை மனிதர் வழியாக வரும்போது அதற்கு ஒரு விலை இருக்கிறது. அதை அந்த மனிதர்தான் கொடுக்கிறார்.

மார்ச் 22, சனி

பாளையங்கோட்டையில் ஒரு வேலையாகப் போயிருந்தேன். அப்படியே கிளாரிந்தா அம்மாள் கட்டிய கோயிலுக்கும் போய் வந்தேன். ஊர்க்காரர்களுக்கு அது பாப்பாத்தி அம்மாள் கோயில்.

தஞ்சாவூர்ப் பக்கத்துப் பிராமண விதவை. உடன்கட்டையிலிருந்து ஓர் ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்று சொல்வார்கள். அந்த லிட்டில்டன் என்பவரோடு அவள் திருமணம் இல்லாமலே வாழ்ந்தாள். கிறிஸ்தவப் போதனையையும் அவரிடமிருந்தே கற்றுக்கொண்டாள். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவள் கேட்டபோது ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். இப்படிப்பட்ட வாழ்க்கையில் இருக்கிறவளுக்குக் கொடுக்க முடியாது என்பது காரணம். அந்த அதிகாரி இறந்தபிறகு, 1778ல், பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780ல் எழுதப்பட்ட சபைப் பதிவில் 40 பேர். அந்தப் பட்டியல் அவள் பெயரில்தான் தொடங்குகிறது. 1785ல் அவள் முயற்சியால் எழும்பிய கோயிலை சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை செய்தார்.

சுவார்ட்ஸைக் குற்றம் சொல்ல நான் யார்? ஒழுங்கு என்று ஒன்று சபைக்கு வேண்டும். ஆனாலும் அவள் காத்திருந்த காலத்தை நினைத்தால் எனக்கு மனசு கனக்கிறது. புருஷன் வீட்டாருக்கு ஆகாதவள், சாதிக்கு ஆகாதவள், சபைக்கும் இன்னும் ஆகாதவள். அந்த நாட்களில் அவள் ஜெபித்திருப்பாள் அல்லவா? ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழும்வரை ஆண்டவர் அந்த ஜெபத்தைக் கேட்காமல் இருந்தார் என்று என்னால் நம்ப முடியாது. "நாம் பாவிகளாயிருக்கையில்" கிறிஸ்து மரித்தார் என்றுதான் ரோமர் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. நாம் சரியானபிறகு என்று சொல்லவில்லை. திருநெல்வேலியின் இத்தனை சேகரங்களும், பள்ளிக்கூடங்களும், கோபுரங்களும், "வேண்டாம்" என்று ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தியின் பெயருக்குக் கீழேதான் எழுந்து நிற்கின்றன.

ஏப்ரல் 1, செவ்வாய்

பாடகர் குழுச் செயலாளரிடம் பேசினேன். அவர் பேசியதில் நேர்மை இருந்தது. "அவன்மேல எனக்குக் கோபம் இல்ல டீச்சர். ஆனா காணிக்கை போட்டதெல்லாம் பீடி சுத்துற வீடும் கூலிவேலைக்குப் போற வீடும்தான். அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார். அவர் தன் கைப்பணத்தைப் போட்டுத்தான் அந்த வருஷக் கணக்கை முடித்தார் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

ஏப்ரல் 4, வெள்ளி

இன்று எரிகோவின் வரிவசூல்காரன் சகேயு. ஏற்கெனவே நினைத்திருந்த வரிசையை மாற்றிவிட்டேன். செயலாளர் கேட்ட கேள்விக்குப் பதில் தேடவேண்டியிருந்தது.

லூக்கா 19ஐ மெதுவாக வாசித்தால் ஒரு வரிசை தெரியும். இயேசு காட்டத்தி மரத்தடிக்கு வருகிறார். சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். ஊர் முறுமுறுக்கிறது. அதற்குப்பிறகுதான் சகேயு எழுந்து, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பக் கொடுப்பதாகச் சொல்கிறான். முதலில் பணத்தைக் கொடு, அப்புறம் சாப்பிட வருகிறேன் என்று இயேசு பேரம் பேசவில்லை. அதேசமயம் பணம் திரும்பிப் போகவே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சகேயு வீட்டுக்கு அவர் போனதினால் எரிகோவின் ஏழைகளுக்குப் பணம் வந்தது. முறுமுறுத்தவர்களால் ஒரு காசும் வந்திருக்காது.

கிருபை என்றால் கணக்கே இல்லை என்று எளிதாகப் பேசிவிடுகிறோம். கொடுக்கவேண்டியவன் கொடுக்கத்தான் வேண்டும். ஏமாந்தவர்களின் வலியை மறந்துவிட்டு ஏமாற்றினவனைக் கட்டிப்பிடிப்பது எனக்கும் ஒப்பாது. ஆனால் அவனுக்கு அந்தப் பெலன் எங்கிருந்து வரும்? தன்னை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், தன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டார் என்ற சந்தோஷத்திலிருந்துதான் வரும்.

கூட்டம் முடிந்து எதிர்வீட்டுக்குப் போனேன். பையன் கதவோரம் நின்றான். இளைத்திருக்கிறான். கோயிலுக்கு வாயேன் என்று கூப்பிட்டேன். "நான் உள்ள வந்தா எல்லாரும் காணிக்கைப் பையத்தான் பாப்பாங்க டீச்சர்" என்றான். பார்ப்பார்கள்தான். பார்க்கமாட்டார்கள் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பக்கத்தில் உட்கார், என்னையும் சேர்த்துப் பார்க்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

வரவில்லை. அக்கா மட்டும் ஓலையோடு பவனியில் நடந்தாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

இரவு திருவிருந்து ஆராதனை. மேசையின்கீழ் விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்று முழங்காலில் நின்று சபையாக ஜெபிக்கிறோம். ஜெபித்தவுடன் எழுந்து வரிசையாகப் பீடத்துக்குப் போய்க் கை நீட்டுகிறோம். இத்தனை வருஷம் செய்திருந்தும் இன்றுதான் அது என்னை நிறுத்தியது. தகுதி இல்லை என்று அறிக்கையிடுகிறவர்களுக்காகவே அந்த மேசை போட்டிருக்கிறது. தகுதி உள்ளவர்கள் மட்டும் வரலாம் என்றால் குருவானவர் உள்பட ஒருவரும் எழுந்திருக்க முடியாது.

யோவான் 13 வாசித்தார்கள். இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவும்போது யூதாஸ் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறான். காட்டிக்கொடுக்கப்போகிறவன் யார் என்று அவருக்குத் தெரியும் என்று யோவான் எழுதுகிறார். தெரிந்தே அந்தக் காலையும் கழுவினார். துணிக்கையைத் தோய்த்து அவனுக்குக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு அவன் வெளியே போனான், அப்போது இராக்காலமாயிருந்தது. கழுவியதால் யூதாஸ் மாறிவிடவில்லை. பலன் வரும் என்று உறுதி இருந்தால்தான் அன்பு காட்டுவேன் என்கிற எங்கள் வழக்கத்துக்கு இந்த இடத்தில் பதில் இல்லை. யூதாஸை நினைத்தால் எனக்கு இன்னும் அழுகை வருகிறது. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்குக் கிடைத்த மன்னிப்பு அவனுக்கும் கிடைத்திருக்குமே, ஒரு மூன்று நாள் பொறுத்திருந்தால்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மூன்றாம் வார்த்தைக்கும் நான்காம் வார்த்தைக்கும் நடுவே பாட்டு நடந்துகொண்டிருந்தபோது அவன் வந்தான். என் பெஞ்சு நிரம்பியிருந்தது. பக்கத்துப் பெரியம்மா ஒன்றும் பேசாமல் நகர்ந்து இடம் விட்டாள். பாடவில்லை. காணிக்கைப் பை வந்தபோது கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கசப்புக் கஞ்சிக்கு நிற்காமல் போய்விட்டான்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனையில் மாற்கு 16. கல்லறையில் இருந்த வாலிபன் பெண்களிடம், நீங்கள் அவருடைய சீஷரிடத்திற்கும் பேதுருவினிடத்திற்கும் போய்ச் சொல்லுங்கள் என்கிறான். இந்த இடத்தில் பேதுருவின் பெயரைத் தனியாகச் சேர்த்துச் சொல்வது நான்கு சுவிசேஷங்களில் மாற்கு மட்டும்தான். மறுதலித்தவன் இனித் தன்னைச் சீஷர் கணக்கில் வைத்திருக்கமாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வருவான்.

பேதுரு சொல்லக் கேட்டு மாற்கு எழுதினான் என்பது இரண்டாம் நூற்றாண்டில் பப்பியா என்ற ஆயரின் காலத்திலிருந்தே சபை சொல்லிவரும் செய்தி. அது உண்மையானால், மறுதலித்தவன் சொல்ல, பாதியில் ஓடினவன் எழுதியது இந்தச் சுவிசேஷம். பேதுரு தன் நிருபத்தில் அவனை "என் குமாரனாகிய மாற்கு" என்கிறார். இருவருக்கும் ஒருவரையொருவர் எப்படிப் புரிந்திருக்கும்! கெத்செமனேயில் துப்பட்டியைப் போட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிய வாலிபனைப் பற்றி எழுதுவதும் மாற்கு மட்டுமே. அது அவனேதான் என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வேறு யாருக்கு அந்தத் துப்பட்டி ஞாபகம் இருக்கும்?

ஏப்ரல் 25, வெள்ளி

நாட்காட்டியில் இன்று பரிசுத்த மாற்குவின் நாள். லெந்து முடிந்தாலும் தெருவில் கேட்டுக்கொண்டதால் இன்னொரு கூட்டம் வைத்தோம். தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரம். பவுல் சிறையில் இருக்கிறார். தேமா விட்டுப்போனான், லூக்கா மாத்திரம் கூட இருக்கிறார். மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா என்று எழுதுகிறார்; ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். பர்னபா சீப்புருவில் அந்தப் பையனோடு என்ன பேசினார், எத்தனை வருஷம் பொறுத்தார் என்று ஒரு வரியும் நமக்கு எழுதிவைக்கப்படவில்லை. மாற்கு மாறினது போலவே பவுலும் மாறியிருக்கிறார். நியாயம் கேட்டவர், கடைசியில் அவனைத் தனக்கு வேண்டும் என்று கேட்கிறார்.

செயலாளரும் வந்திருந்தார். பையன் ஒரு மெக்கானிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முதல் வாரச் சம்பளத்தில் ஒரு பகுதியை அம்மா கையில் கொடுத்தனுப்பினானாம். செயலாளர் அதற்கு ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறார். மீதியும் இப்படியே வரட்டும், பணப்பொறுப்பு மட்டும் அவனிடம் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அதுவும் அவனுக்கு நல்லதுதான் என்றேன்.

செருப்பைப் போட்டுக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "பேஸுக்கு ஆளே இல்ல டீச்சர். செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குப் பிராக்டிஸ். வரச் சொல்லுங்க, லேட்டா வந்தா சத்தம் போடுவேன்னும் சொல்லுங்க."