வீட்டில் ஓவிய முகாம்: தாள் குழந்தையுடையது

வீட்டில் ஓவிய முகாம் நடத்துவதில் பாதி வேலை, முதல் குழந்தை வந்து அழைப்பு மணியை அடிப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். தரையில் பழைய செய்தித்தாள், அகலமான அடிப்பாகம் உள்ள தண்ணீர்க் கிண்ணங்கள் (உயரமான டம்ளர் வைத்தால் கண்டிப்பாகக் கொட்டும்), பிரஷ் துடைக்கப் பழைய துணி, காயப்போட ஒரு கொடியும் கிளிப்புகளும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு கிண்ணம் வைக்கிறேன், ஒன்று பிரஷ் அலச, இன்னொன்று வண்ணம் கரைக்க. அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய மஞ்சளும் அழுக்காகிவிடும். தாளும் முக்கியம்: பிரிண்டருக்கு வாங்கும் 75, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற அளவு, கூடினால் தாள் தடிக்கும்) தாளில் வாட்டர்கலர் பட்டதுமே சுருங்கி அலையலையாக எழும்பும், 300 ஜிஎஸ்எம் தாள் தினமும் கொடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் பென்சில், கிரேயான் நாட்களுக்கு மெல்லியது, தண்ணீர் வண்ணத்துக்குத் தடித்தது என்று பிரித்துக்கொள்கிறேன். அக்ரிலிக் வண்ணம் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்தான், காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகிவிடும், சட்டையிலிருந்து போகாது.

வண்ணம் கொடுக்கும்போது சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, இவ்வளவுதான். மற்றதை அவர்களே கலந்து கண்டுபிடிக்கட்டும். ஊதா மட்டும் தகராறு செய்யும். "மிஸ், சிவப்பும் நீலமும் கலந்தா ஊதா வரும்னு சொன்னீங்க, பழுப்புதான் வருது" என்று ஒருவராவது வந்து நிற்பார். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பில் ஏற்கெனவே கொஞ்சம் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, அது ஊதாவைக் கலங்கடித்துவிடும். இளஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்த மெஜந்தாவைக் கொடுத்தால் பளிச்சென்று வரும். முதலில் பழுப்பைப் பார்த்த பிறகு மெஜந்தாவைக் கொடுப்பதுதான் என் வழக்கம், அப்போதுதான் காரணம் மனதில் நிற்கிறது.

இதெல்லாம் ஏற்பாடு. முகாமின் உயிர் என்று நான் நினைப்பது வேறொன்று: குழந்தையின் தாளில் என் கை படக் கூடாது. ஒரு கோடு கூட. எப்படி என்று காட்டித்தான் ஆகவேண்டுமென்றால் என் தாளில் காட்டிவிட்டு அதை உடனே எடுத்துவைத்துவிடுவேன். நாம் கொஞ்சம் திருத்திக் கொடுத்தால் படம் அழகாகத்தான் ஆகும், ஆனால் அந்த நொடியிலேயே குழந்தைக்கு அது தன்னுடையதல்ல என்று தெரிந்துவிடும், அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும் நம் முகத்தைப் பார்க்கும். ஆஸ்திரிய ஓவிய ஆசிரியர் ஃபிரான்ஸ் சீசெக் வியன்னாவில் 1897-இல் சிறுவர்களுக்கு ஓவிய வகுப்பு தொடங்கியபோதே, பெரியவர்கள் வரைந்ததைப் பார்த்து வரைய வைக்காமல் பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டார். இத்தனை காலம் கழித்தும் இன்னும் பதினைந்து பேரும் ஒரே வீடு, ஒரே மலை, நடுவில் ஒரே சூரியன் வரையும் வகுப்புகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஏழு வயதுப் பையன் ஒருவன் பேருந்து வரைந்தான். வெளியிலிருந்து பார்த்த பேருந்துதான், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கால், பை, எஞ்சின் எல்லாம் தெரிகிறது. அழைத்துப்போக வந்த அப்பா, "சுவர் வழியா எப்படிடா தெரியும்?" என்று கேட்டார். அந்த வயதில் குழந்தைகள் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தங்களுக்குத் தெரிந்ததைத்தான் வரைகிறார்கள், அது தவறில்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம் என்று அவரிடம் விளக்கினேன். பேருந்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று பையன் எவ்வளவு கவனித்திருக்கிறான் என்பதை அவர் அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தார்.

ஒன்பது, பத்து வயதில் கதை மாறிவிடுகிறது. படம் நிஜம் மாதிரி இருக்கிறதா என்று தாங்களே ஒப்பிடத் தொடங்குவார்கள், "எனக்கு வரைய வராது" என்ற வாக்கியம் அங்கேதான் பிறக்கிறது, பல பேர் அதோடு வாழ்நாள் முழுக்க வரைவதை விட்டுவிடுகிறார்கள். போன கோடையில் ஒரு பெண் குழந்தை ரப்பரால் அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பென்சிலையும் ரப்பரையும் வாங்கிக்கொண்டு பேனா கொடுக்கிறேன். அவர்களுடைய ஷூவையே எதிரில் வைத்து, தாளைப் பார்க்காமல், கண் ஷூவின் ஓரத்தில் மெதுவாகப் போகப் போகப் பேனாவும் கூடவே போகவேண்டும் என்று சொல்வேன். எல்லோருக்கும் கோணல்மாணலாகத்தான் வரும், யாரும் யாரோடும் ஒப்பிட முடியாது. அடுத்து பார்த்து வரையச் சொல்லும்போது, கயிறு எந்தத் துளைக்குள் போய் எதில் வெளியே வருகிறது என்பது வரை தாளில் இருக்கும். அந்தப் பெண் அன்று ரப்பர் கேட்கவே இல்லை.

அதனாலேயே 5 முதல் 7 வயது ஒரு குழு, 8 முதல் 12 வேறு குழு. சேர்த்து வைத்தால் சின்னது தன் படத்தைப் பாதியில் விட்டுவிட்டு பெரியவன் வரைந்ததைக் காப்பியடிக்கும். சின்னவர்களுக்கு ஒரு மணி நேரம் தாராளம். வெள்ளை கிரேயானில் ரகசியப் படம் வரைந்து மேலே தண்ணீர் வண்ணம் பூசினால், மெழுகில் வண்ணம் ஒட்டாமல் படம் வெளிவருமே, அது ஒன்றுக்கே ஒரு வகுப்பு போய்விடும்.

கடைசி நாள் காட்சிக்கு எந்தப் படம் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும், நானோ பெற்றோரோ தலையிடுவதில்லை. ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி போட்டு, வரையும்போது குழந்தை சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதிவைக்கிறேன். "இது எங்க தாத்தா, கோபமா இல்ல, தூக்கம்" என்பது மாதிரி. பெற்றோர் கையில் கொடுக்கும்போது, முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.