ரத்தத்தில் ஒன்று, காலில் ஒன்று

அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மருந்தே கொடுக்கவில்லை. சி.எல்.எல். வகை, மெதுவாக வளரும், அவ்வப்போது ரத்தம் பார்த்தால் போதும் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். அவரும் சம்பா நடவு, களை என்று வயலிலேயே இருந்தார்.

முழங்காலுக்குக் கீழே அவருக்கு ஒரு பழைய தழும்பு. சின்ன வயதில் நெல் அவித்த அண்டா சாய்ந்து வெந்தது. அதன் நடுவில் புண் கிளம்பியது. ஓரம் தடித்து, தொட்டால் ரத்தம் கசியும். மஞ்சள் பற்றுக்கு ஆறவில்லை. தோல் டாக்டர் களிம்பு எழுதினார், ரத்த ஃபைலைக் கேட்கவில்லை. ரத்த டாக்டரோ காலைப் பார்த்ததே இல்லை. அடுத்த செக்கப்பில் அம்மாதான் வேட்டியை ஒதுக்கிக் காட்டினார். உடனே பயாப்சி. ஸ்குவாமஸ் செல் தோல் புற்றுநோய்.

ரத்தத்திலிருந்து காலுக்குப் பரவிவிட்டதோ என்று பயந்தோம். இல்லை, இரண்டும் தனித்தனி. சி.எல்.எல்.லில் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பெருகுமே தவிர ஒழுங்காக வேலை செய்யாது. கெட்டுப்போன தோல் செல்லைக் கண்டு அழிக்கும் காவல் தளர்ந்துவிடும். சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையால் இதே தோல் புற்றுநோய் அதிகம் வருகிறதாம். அப்பாவுக்குத் தீத்தழும்பும் சேர்ந்துகொண்டது.

சித்தப்பாவுக்கு அது போதவில்லை. "பூச்சிக்கு பி.எச்.சி. பவுடரை வெறுங்கையால தூவினோமே, அதனாலயா டாக்டர்?" அதிலிருந்த லிண்டேன் நிணநீர்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் அறிவித்திருக்கிறது, சி.எல்.எல்.லும் அந்தக் குடும்பம்தான், ஆனால் இவருக்கு அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது, தோலுக்கு அதை இழுக்க வேண்டாம் என்றார் டாக்டர். எனக்கு நேர்மையான பதிலாகப் பட்டது. சித்தப்பா ஒப்பவில்லை.

அறுவைக்குப் போன இடத்தில் ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்லைடும், பயாப்சிக்கு எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு ப்ளாக்கும் வேண்டும் என்றார்கள். பயாப்சி பார்த்த லேபில் எழுதிக் கொடுத்தால் தருவார்கள். அந்த மெழுகுத் துண்டு வெயிலில் இளகிவிடுமோ என்று பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தேன்.

பெரிய சிக்கல் கவட்டில் இருந்த நெறி. தோல் புற்றுநோய் பரவினாலும் அங்கே கட்டும், சி.எல்.எல்.லுக்கும் கட்டும். ஊசி குத்திப் பார்த்தார்கள். ரத்த நோயால் வந்ததுதான். அப்பாடா என்றிருந்தது, ரத்தப் புற்றுநோய் என்று கேட்டு நிம்மதியானவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்! அப்புறம் புண்ணைச் சுற்றி நல்ல தோலும் சேர்த்து வெட்டி, தொடைத் தோலை ஒட்டினார்கள். தொடைதான் அதிகம் வலித்தது என்பார்.

இப்போது இரண்டு ஃபைலும் ஒரே பையில். ரத்தம் பார்க்கப் போனால் உச்சி முதல் பாதம் வரை தோலையும் பார்க்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னால்தான் அப்பா முனகுவார்.