பேட்சுக்குள் குலுக்கியபோது

பிரவுன் என்று பெயரிட்ட ஜீன் கூட்டம் (மாட்யூல்) விஷயத்தில் நான் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கு, தீசிஸ் எழுதும் அந்தக் குடியாத்தம் பெண் "சரிங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனதுதான் உறுத்துகிறது.

காச நோயாளிகளின் ரத்தத்தில் சேர்ந்து ஏறி இறங்கும் ஜீன்களை டபிள்யூஜிசிஎன்ஏ என்ற கணக்கீட்டு முறையை வைத்து மாட்யூல்களாகப் பிரித்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர்தான் பெயர். 42 சாம்பிள். பிரவுனின் ஐகன்ஜீனுக்கும் (ஒவ்வொரு சாம்பிளிலும் அந்த மாட்யூலின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கிச் சொல்லும் ஒற்றை எண்) நோயின் கடுமையைக் காட்டும் நெஞ்சு எக்ஸ்ரே ஸ்கோருக்கும் தொடர்பு 0.46. ஸ்கோரை ஆள் மாற்றி ஆயிரம் முறை குலுக்கியதில் அந்த அளவு ஒரே ஒரு முறைதான் வந்தது. அசலையும் சேர்த்து எண்ணினால் 1001-இல் 2, அதாவது p (தொடர்பே இல்லாதபோதும் தற்செயலாக இவ்வளவு வரும் வாய்ப்பு) சுமார் 0.002. தீசிஸ் அத்தியாயமே தயாராக இருந்தது.

நான் சாம்பிள் ஷீட்டைக் கேட்டேன். சாம்பிள்கள் இரண்டு தொகுதியாக, அதாவது பேட்சாக, வந்திருந்தன. முதல் பேட்ச் வேலூர் டவுன் ஓபி. இரண்டாவது ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்க முகாம்களில் எடுத்தது. நோய் முற்றியவர்கள் பெரும்பாலும் அதில்தான். ஜீன்களை அளக்கும் சீக்வென்சிங்கும் அதற்குத் தனி ரன். எல்லோரையும் ஒன்றாகக் குலுக்கினால், யார் ஸ்கோரும் யாருக்கும் போயிருக்கலாம் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். இங்கே அப்படியில்லையே. ரன் மாறியதாலேயே பிரவுன் ஏறியிருந்தாலும் இதே 0.46 வரும். பேட்சுக்குள்ளேயே குலுக்கச் சொன்னேன். p வழக்கமான 0.05 வரம்பைத் தாண்டி 0.09-க்குப் போய்விட்டது. (பிரவுனை மட்டுமல்லாமல் எல்லாக் கலர் மாட்யூலையும் சோதித்ததற்காக p-ஐத் திருத்தும் வெஸ்ட்ஃபால்–யங் முறை பற்றி நான் வாயே திறக்கவில்லை.)

"இன்னாக்கா, பிரவுன்ல ஸ்டாட்1, ஜிபிபி5 எல்லாம் இருக்குது. இன்டர்ஃபெரான் ஜீனுங்க காசத்துல ஏறும்னு 2010லயே நேச்சர் ஜர்னல்ல வந்துடுச்சே. எக்ஸ்ரேயோட கூட ஒத்துப்போச்சே அவங்களுக்கு."

"ரிசல்ட் முன்னாடியே தெரியும்னா அப்புறம் எதுக்கும்மா குலுக்கற?"

அவள் சொன்னது உண்மை. பந்தயம் கட்டச் சொன்னால் நானும் பிரவுன் பக்கம்தான் கட்டுவேன். ஆனால் ஊரறிந்த விஷயம் என்பதற்காக எங்கள் தரவுக்குச் சலுகை காட்ட முடியுமா? தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்த 42 பேரை வைத்துச் சொல்ல முடியாது என்றுதான் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைவு. நோயின் கடுமையும் பேட்சும் இப்படி ஒட்டிக் கிடந்தால், பேட்சுக்குள் குலுக்கும்போது உண்மையான தொடர்பும் சேர்ந்து அமுங்கிப்போகும். இதைச் சொன்னேனா என்பதுதான் நிச்சயமில்லை. சொல்லியிருந்தால் அதையே பிடித்துக்கொண்டு 0.09-ஐத் தூக்கிப் போட்டிருப்பாள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அதைத் தீர்மானிக்க நான் யார் என்றும் தோன்றுகிறது.

கடைசியில் 0.002 மெயின் டேபிளுக்குப் போனது, 0.09 பின்னிணைப்புக்கு. கைடு கையெழுத்துப் போட்டுவிட்டார். நன்றியுரையில் என் பெயரும் இருக்கிறது. எதையும் மறைக்கவில்லை, இரண்டு எண்ணும் இருக்கிறது என்று ஒரு நாள் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். பின்னிணைப்பை எவன் புரட்டுவான் என்று மறுநாளே எரிச்சல் வருகிறது.

அடுத்த முறையாவது ஓபி ஆட்களையும் முகாம் ஆட்களையும் ஒரே ரன்னில் கலந்து போடலாமே என்று கைடிடம் கேட்டுப் பார்த்தேன். ஃபண்ட் வந்தால் பார்க்கலாம் என்றார்.