5 கிலோ காற்றும் 260 கிலோநியூட்டனும்

நிலக்கரி ஏற்றிய 58 பாக்ஸ்-என் (மேல் திறந்த) வேகன், முன்னால் ஒரு டபிள்யூஏஜி-9எச் மின்சார கூட்ஸ் லோகோ. வேகனுக்கு 81 டன் சொச்சம், லோகோ 132 டன். மொத்தம் 4,800 டன்னைத் தாண்டும், நீளம் 600 மீட்டருக்கு மேல். இந்த வண்டியை நிறுத்துவது இன்ஜின்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வேகனும் தன் அடியில் சேர்த்து வைத்திருக்கும் காற்றால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. லோகோ பைலட் ஏ-9 என்ற வண்டி பிரேக் கைப்பிடியைத் திருப்பி அதற்குத் தகவல் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

அந்தத் தகவல் போகும் வழி வண்டி நெடுக ஓடும் பிரேக் பைப். வண்டி ஓடும்போது அதில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் நிற்க வேண்டும். பிரேக் போடுவது என்றால் அந்தக் காற்றைக் கொஞ்சம் வெளியே விடுவது. பைப் அழுத்தத்தைப் பார்த்து வேகனின் பிரேக்கை இயக்குவது டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு. அதற்கு 6 லிட்டர் கன்ட்ரோல் ரிசர்வாயர் (காற்றுத் தொட்டி) ஒன்று, 100 லிட்டர் ஆக்ஸிலரி ரிசர்வாயர் ஒன்று. கன்ட்ரோல் ரிசர்வாயரில் பழைய 5 கிலோ அப்படியே இருக்கும். பைப்பில் அதைவிடக் குறைந்தது தெரிந்ததும், வால்வு ஆக்ஸிலரி காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திறந்துவிடும். அரை கிலோ குறைத்தால் லேசான பிடி. ஒன்றரை கிலோ குறைத்து 3.5-க்குக் கொண்டுவந்தால் ஃபுல் சர்வீஸ், அதாவது வழக்கமான பிரேக்கின் முழுப் பிடி, சிலிண்டரில் 3.8 கிலோ. எமர்ஜென்சியில் பைப் பூஜ்யத்துக்கு இறங்கினாலும் சிலிண்டரில் அதே 3.8-தான், சீக்கிரம் வந்து சேரும் என்பதுதான் வித்தியாசம்.

கூட்ஸ் வேகனில் சிலிண்டர் நிரம்ப 18 முதல் 30 வினாடி, ரிலீஸ் ஆக 45 முதல் 60 வினாடி. பயணிகள் கோச்சில் 3 முதல் 5 வினாடியில் நிரம்பிவிடும். கூட்ஸில் வேண்டுமென்றேதான் மெதுவாக்கி வைத்திருக்கிறார்கள். அழுத்தம் குறைந்த செய்தி கடைசி வேகனை எட்டுவதற்குள் முன் வேகன்கள் இறுக்கிப் பிடித்துவிட்டால், பின்னாலிருக்கும் ஆயிரக்கணக்கான டன் வந்து முட்டும். கப்ளர் உடைவதும் காலி வேகன் தடம் புரள்வதும் இப்படித்தான்.

அடிக்கடி பிரேக்கைப் போட்டு ரிலீஸ் செய்தால் காற்று தீரும். பிரேக் பைப் ஒன்று மட்டுமே உள்ள சிங்கிள் பைப் வண்டியில் ஆக்ஸிலரி ரிசர்வாயர் திரும்ப நிரம்ப பிரேக் பைப்பை விட்டால் வேறு வழியில்லை. நீண்ட இறக்கத்தில் போட்டு, விட்டு, நிரம்புமுன் மறுபடி போட்டால் ஒவ்வொரு தடவையும் கையிருப்பு குறையும். லோகோவின் மோட்டார்களையே ஜெனரேட்டராக்கி வேகத்தைக் குறைப்பது ரீஜெனரேட்டிவ் பிரேக் (ரீஜென்). இறக்கத்தில் காற்றைச் சேமித்து வைப்பதுதான் அதன் முதல் பயன் என்பேன். மின்சாரம் மிச்சமாவது இதற்கு அடுத்ததுதான்.

டபிள்யூஏஜி-9-இல் இருப்பது மூன்று ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார். மோட்டாருக்கு மின்சாரம் தரும் கன்வெர்ட்டரின் அதிர்வெண்ணை ரோட்டார் சுற்றும் வேகத்துக்குக் கீழே இறக்கினால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிவிடும். மின்சாரம் டிசி லிங்க், டிரான்ஸ்ஃபார்மர், பேன்டோகிராஃப் வழியாக 25 கிலோவோல்ட் கம்பிக்கே திரும்பிப் போகும். அதிகபட்சப் பிடி 260 கிலோநியூட்டன். வேகம் ஏறினால் பவர் வரம்பு அதைக் குறைக்கும். மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் கீழே பிடியே விட்டுப்போகும். அதனால் முழுதாக நிறுத்த இதை நம்பக்கூடாது.

260 போதுமா? 4,846 டன் வண்டியை 150-க்கு 1 இறக்கத்தில் புவியீர்ப்பு இழுப்பது சுமார் 317 கிலோநியூட்டன். உருளும் தடை டன்னுக்கு 12 நியூட்டன் என்று வைத்தால் 58 கழியும், மிச்சம் 259. ஒரு லோகோ மட்டுமட்டாகத் தாங்கும். 100-க்கு 1 ஆனால் மிச்சம் 417. அங்கே காற்று பிரேக்கும் சேர வேண்டும், அல்லது இரண்டாவது லோகோ. மும்பை-புனே பாதையிலுள்ள போர் காட் மலைச்சரிவு 37-க்கு 1. அங்கே லோகோ எண்ணிக்கையும் வேகக் கட்டுப்பாடும் ஏன் அவ்வளவு கறாராக இருக்கின்றன என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

த்ராட்டில் கைப்பிடியை இழுவையிலிருந்து பிரேக் பக்கம் ஒரே மூச்சில் தள்ளக்கூடாது. பூஜ்யத்தில் சில வினாடி நிறுத்தி, வேகன்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்ற பிறகு பிடியைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். ரீஜென் வேலை செய்யும்போது ஏ-9 போட்டால் லோகோவின் சொந்தக் காற்று பிரேக் சேராமல் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருக்கிறது. ஒரே சக்கரத்தில் இரண்டும் விழுந்தால் வழுக்கி ஃப்ளாட் (சக்கரத்தில் தட்டையான தேய்மானம்) விழும். மேல் கம்பியில் மின்சாரம் இல்லாத நியூட்ரல் செக்ஷனில், லோகோவின் மெயின் சுவிட்சான விசிபி திறந்ததும் ரீஜென் போய்விடும். இறக்கத்தில் நியூட்ரல் செக்ஷன் வருகிறதென்றால், அதற்கு முன்பே காற்று பிரேக்கால் வேகத்தைக் குறைத்துத் தயாராக இருக்க வேண்டும்.

பிரேக் பைண்டிங், அதாவது பிரேக் விடாமல் பிடித்தபடி இருப்பது, என்றால் உடனே வேகனைத்தான் திட்டுவார்கள். பல சமயம் காரணம் ஓவர்சார்ஜ், அதாவது அளவுக்கு மேல் ஏறிய அழுத்தம். முந்தைய லோகோ 5.2 கிலோ ஏற்றியிருந்தால் 58 கன்ட்ரோல் ரிசர்வாயரிலும் 5.2 நிற்கும். புது லோகோ சரியாக 5.0 கொடுத்தாலும், பைப்பில் குறைந்துவிட்டது என்றே வால்வுகள் எடுத்துக்கொள்ளும், பிரேக் விடாது. வண்டி நெடுக நடந்து ஒவ்வொரு டிஸ்ட்ரிபியூட்டர் வால்வின் ரிலீஸ் கைப்பிடியையும் இழுத்து அந்தக் காற்றை வெளியேற்றுவதே வழி. ஒன்றிரண்டு வேகனில் மட்டும் பிடித்திருந்தால் கைப்பிரேக்கையும் எம்ப்டி-லோடு கைப்பிடியையும் பாருங்கள். பழைய பாக்ஸ்-என்னில் காலி வேகனை லோடு நிலையில் விட்டால் சக்கரம் தேயும். ஏற்றிய வேகனை எம்ப்டியில் விட்டால் பிடி போதாது. போகியிலேயே (சக்கரச் சட்டத்தில்) பிரேக் பொருத்திய வேகனில், சுமைக்கேற்ப சிலிண்டர் அழுத்தத்தை மாற்றும் ஏபிஎம் கருவியே இதைப் பார்த்துக்கொள்ளும்: காலிக்கு 2.2, லோடுக்கு 3.8.

இதைவிட ஆபத்தானது நடுவில் மூடிக்கிடக்கும் ஆங்கிள் காக், அதாவது வேகன் முனையில் பிரேக் பைப்பைத் திறந்து மூடும் குழாய் வால்வு. லோகோ கேஜ் அழகாக 5.0 காட்டும், பின்பாதியில் பிரேக்கே இருக்காது. ஆகவே பைப் கடைசி வரை திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கன்டினியூட்டி சோதனையை ஒப்புக்குச் செய்யாதீர்கள். வண்டியின் கடைசி முனையில் காற்றை இறக்கும்போது லோகோவில் பைப் அழுத்தம் விழுகிறதா, பைப்புக்குப் போகும் காற்றைக் காட்டும் ஏர்ஃப்ளோ முள் எகிறுகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே புறப்பட வேண்டும்.

சரிவில் நீண்ட நேரம் நிற்கும்போது லோகோவின் பார்க்கிங் பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. அது நான்கே சக்கரத்தில் ஸ்பிரிங் பிடி. வேகன் சிலிண்டரில் உள்ள காற்று கசிந்துகொண்டே இருக்கும். வேகன்களின் கைப்பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். புறப்படும்போது முதலில் பைப்பை 5 கிலோவுக்கு ஏற்றி, ஏ-9-ஆல் பிரேக் போட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகே கைப்பிரேக்குகளை அவிழ்க்க வேண்டும். எத்தனை வேகனில் இறுக்கினோம் என்பதை எழுதி வைத்தால் ஒன்றுகூட விட்டுப்போகாது.